பக்கவாட்டிலிருந்து போனால் போதும்: கம்மின்ஸ் பிக்கப்பில் ஆயில் ஃபில்டர் மாற்றுவது

கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய டாட்ஜ் ராம் பிக்கப்பை வைத்திருப்பவர்களிடம் பேசினால் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள். எஞ்சின் ஆயிலை இறக்குவது சுலபம். ஃபில்டரைக் கழற்றி வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. வலப்பக்கத்தில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குக் கீழே, வாய் மேல்நோக்கி இருக்கும்படி அது தொங்குகிறது. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விட்டம்; உள்ளே சுமார் ஒரு லிட்டர் கறுத்த ஆயில். மேலிருந்து கையை விட்டால் டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாய் மறிக்கிறது. கீழே படுத்துக்கொண்டு கழற்றலாம், ஆனால் ஆக்ஸிலுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடையே இறக்க வேண்டுமானால் சாய்த்தாக வேண்டும். சாய்த்ததும் ஆயில் ஆக்ஸில் மீதும் சேஸிஸ் மீதும் ஊற்றி, கழற்றுகிறவரின் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கிவிடும்.

என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு ராம் 2500, நான்கு சக்கர இயக்கம் கொண்டது. நான் வசிப்பது இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். கம்மின்ஸ் நிறுவனம் 1919இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். தலைமையகம் இன்றும் இங்கேதான். ராம் பிக்கப்புகளுக்கான எஞ்சினைச் செய்யும் ஆலை ஊருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. இங்கே தமிழர்களும் கணிசமாக வாழ்கிறார்கள், பலர் எஞ்சின் துறையில் வேலை பார்ப்பவர்கள். அதனால் ஃபில்டரைப் பற்றிய பேச்சு கோவில் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும்கூட நடக்கும். நான் இங்கே எழுதுவதில் பாதி அப்படிப்பட்ட பேச்சுகளில் கற்றது. மீதி, என் கராஜில் வண்டியருகே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இவ்வளவு நல்ல எஞ்சினில் ஃபில்டரை ஏன் இப்படி எட்டாத இடத்தில் வைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு வெகுநாள் இருந்தது. விடை அந்த எஞ்சினின் பிறப்பில் இருக்கிறது. இந்த 5.9 லிட்டர் எஞ்சின் அடங்கிய கம்மின்ஸின் பி வரிசை பிக்கப்புக்காக உருவானதே அல்ல. டிராக்டர்களும் மண் தோண்டும் இயந்திரங்களும் செய்யும் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 1980களின் தொடக்கத்தில், வயலிலும் வேலைத் தளத்திலும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கிறைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் பிக்கப்பில் வைத்து விற்றது 1989ஆம் ஆண்டு மாடலில்தான். டிராக்டரில் எஞ்சினின் இரு பக்கமும் திறந்தே கிடக்கும். பக்கத்தில் நின்று கையை நீட்டினால் ஃபில்டர் கைக்கு வரும். பிக்கப்பில் அதே எஞ்சினைச் சுற்றி மட்கார்டும் சக்கரமும் காற்றுக் குழாயும் வந்து சூழ்ந்துகொண்டன. ஃபில்டர் தன் இடத்தில்தான் இருக்கிறது. அதை அடையும் வழியைத்தான் மறைத்துவிட்டோம்.

இதை எனக்குப் பளிச்சென்று புரியவைத்தவர் சங்ககிரியில் லாரிப் பட்டறை நடத்திய என் மாமா. டாடாவும் கம்மின்ஸும் 1993இல் கூட்டு நிறுவனம் தொடங்கி ஜாம்ஷெட்பூரில் இதே பி வரிசை எஞ்சினைச் செய்யத் தொடங்கியபின், நம் ஊர் லாரிப் பட்டறைகள் இந்த எஞ்சினை உள்ளும் புறமும் கற்றுக்கொண்டன. என் பிக்கப்பின் அடியிலிருந்து எடுத்த படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு அழைத்தார். "மாப்பிள்ளை, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழற்ற வேண்டியதை ஏன் அடியில் படுத்துக் கழற்றுகிறாய்? பக்கவாட்டிலிருந்து வழி இருக்கிறதா பார்" என்றார்.

வழி இருந்தது. முன்பக்க வலது சக்கரத்துக்கு உட்புறம், சேறு எஞ்சின் மீது தெறிக்காமல் காக்கும் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று உண்டு. சில பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பிடுங்கினால் அதை விலக்கிவிடலாம். ஸ்டியரிங்கை முழுவதும் இடப்பக்கம் திருப்பிவிட்டால் வலது சக்கரத்தின் பின் விளிம்பு வெளியே வந்து, உள்ளே கை போக இடம் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றினால் இன்னும் தாராளம், ஆனால் அதற்கு ஜாக்கி போட்டு, கீழே தாங்கு கால் (ஸ்டாண்ட்) நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. என் வண்டிக்குச் சக்கரத்தைக் கழற்றத் தேவையிருப்பதில்லை. ஒரு முக்காலியைப் போட்டு சக்கரத்தருகே உட்கார்ந்தால், சேஸிஸுக்கு மேலே ஃபில்டரின் உடல் நேராகக் கண்ணில் படுகிறது. கண்ணால் பார்த்துக்கொண்டே கழற்றுவதற்கும், மல்லாந்து படுத்துத் தடவித் தடவிக் கழற்றுவதற்கும் இருக்கும் வேறுபாட்டை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் திரும்ப அடியில் போகமாட்டார்கள்.

பக்கவாட்டு வழியின் பெரிய நன்மை, ஃபில்டரைச் சாய்க்காமல் எடுக்கலாம் என்பது. இந்த வேலையில் நடக்கும் அசுத்தம் அத்தனைக்கும் காரணம் சாய்ப்பதுதான். வாய் மேலே பார்த்தபடி இருக்கும்வரை ஃபில்டர் ஒரு சொட்டும் சிந்தாது. ஆகவே மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதை நிமிர்ந்த நிலையிலேயே வெளியே கொண்டுவருவதற்காகத்தான்.

நான் செய்யும் முறை இது. முதலில் எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டு, டிரெயின் போல்ட்டைத் திறந்து வடியவிடுகிறேன். சூடான ஆயில் நன்றாக ஓடும், மிதந்துகொண்டிருக்கும் கரியையும் கூடவே கொண்டுபோகும். ஆயில் முழுவதும் வடிவதற்குள் டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் கொஞ்சம் ஆறும். அவை ஆறாமல் அந்தப் பக்கம் கையை விடுவது ஆபத்து. பிறகு ஃபில்டரை ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறேன். ஃபில்டருக்கு மேலே, ஆயில் கூலர் பகுதியில் தங்கியிருக்கும் ஆயில் வடிய அந்த இடைவெளி உதவும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கழற்றுகிறவர்களுக்குத்தான் மேலிருந்து ஒரு கை ஆயில் கொட்டுகிறது.

அடுத்தது பை. ஒரு காலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) கொள்ளளவுள்ள, ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையைக் கீழிருந்து ஃபில்டரின் மீது மாட்டி, கழுத்துவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பைக்கு வெளியே கையை வைத்துத் திருகினால் மீதிச் சுற்றுகள் விரலாலேயே வந்துவிடும். கடைசி மரையிலிருந்து விடுபடும்போது விளிம்பில் வழிவது பைக்குள்ளேயே விழும். ஃபில்டரை ஓர் அங்குலம் இறக்கி, பையின் வாயை மூடி, நிமிர்ந்தபடியே வெளியே கொண்டுவந்துவிடலாம். சில மாடல்களில் எப்படிப் பார்த்தாலும் ஓர் இடத்தில் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும். அங்கே ஃபில்டரின் வாய் அகலத்துக்குச் சற்றுப் பெரிதான ஏதாவது டப்பா மூடியைப் பைக்குள்ளேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். பெரிய தயிர் டப்பாவின் மூடி ஏறக்குறைய சரியான அளவு. கடையில் விற்கும் எந்தத் தனிக் கருவியும் இந்தப் பைக்கும் மூடிக்கும் ஈடாகாது என்பது என் முடிவு.

ஃபில்டரின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு ஆயிலை வடித்துவிட்டுக் கழற்றுகிறவர்களும் உண்டு. தகரத்தில் தானாக மரை போட்டுக்கொள்ளும் திருகை இறக்கி, அதையே குழாயாக்கித் திறந்து மூடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். மேலே தளர்த்திக் காற்றுக்கு வழிவிட்டால் நன்றாகவே வடிகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓட்டை போட்டபின் ஃபில்டர் இறுகிக்கொண்டு கழல மறுத்தால், வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூட வழியில்லை.

கழல மறுக்கும் ஃபில்டர் பெரும்பாலும் முந்தைய முறை அதிகமாக இறுக்கப்பட்டது. ஃபில்டரின் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் உலோகத்தைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, அதுவும் கையால். இந்த எஞ்சினுக்கு அவ்வளவு போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள், பல ஆயிரம் மைல் வெப்பத்தில் வெந்த ரப்பரை அடுத்த முறை பிரித்தெடுக்கப் போகும் கையை நினைத்துப் பார்க்க வேண்டும். பொருத்துமுன் கேஸ்கெட்டில் புதிய ஆயிலை விரலால் தடவுவதும் இதற்காகத்தான். கழற்றுவதற்கு, ஃபில்டரின் அடியில் தொப்பி போலக் கவிழும் ஸ்பேனரைப் பரிந்துரைப்பேன். வாங்கும் ஃபில்டரின் பட்டைகளுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். பட்டை வாரால் சுற்றிப் பிடிக்கும் வகை, ஆயில் பட்ட தகரத்தில் வழுக்குகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபில்டர் கையில் வந்ததும் அதன் வாயைப் பார்த்து, பழைய கேஸ்கெட் கூடவே வந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். வராவிட்டால் அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால் இரண்டு கேஸ்கெட் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் அழுத்தத்தில் அவை பிதுங்கும். சில நொடிகளில் லிட்டர் கணக்கில் ஆயில் தரையில் இருக்கும். பக்கவாட்டிலிருந்து வேலை செய்யும்போது டார்ச் அடித்து அந்தத் தளத்தைப் பார்க்கலாம், சுத்தமான துணியால் துடைக்கலாம். அடியில் படுத்துச் செய்கிறவருக்கு அது வாய்ப்பதில்லை.

புதிய ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில் நிரப்பலாமா என்பது இந்த ஊரில் முடிவில்லாத விவாதம். வாய் மேல்நோக்கி இருப்பதால் நிரப்ப முடிகிறது. நிரப்பினால் எஞ்சின் கிளம்பும்போது அழுத்தம் உடனே ஏறுகிறது, டர்போ தண்டு வறண்டு சுற்றும் நேரம் குறைகிறது. எதிர்ப்பவர்களின் வாதமும் வலுவானது. ஃபில்டரின் நடுத்துளை சுத்திகரித்த ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால், கேனின் வாயை மூடியிருந்த அலுமினியத் தாளின் துணுக்கோ வேறு தூசியோ வடிகட்டப்படாமல் நேராக பேரிங்குகளுக்கும், பிஸ்டனைக் குளிர்விக்க ஆயிலைப் பீய்ச்சும் நுண்ணிய துளைகளுக்கும் போய்விடும். ஆகவே நடுத்துளையைச் சுத்தமான மூடியால் அடைத்துவிட்டு, சுற்றியிருக்கும் சிறிய துளைகளில் மட்டும் ஊற்றுவதே என் வழக்கம். அது அழுக்கு ஆயில் நுழையும் பக்கம். அங்கே ஊற்றுவது வடிகட்டும் தாளைக் கடந்துதான் உள்ளே போகும். மெதுவாகத்தான் இறங்கும். கொஞ்சம் ஊற்றி, காத்திருந்து, மறுபடி ஊற்ற வேண்டும். முக்கால் பங்கோடு நிறுத்திக்கொண்டால் மேலே ஏற்றும்போது தளும்பாது.

இனி டிரெயின் போல்ட். இந்த எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்து 12 குவார்ட், அதாவது ஏறக்குறைய 11.4 லிட்டர் ஆயில் கொள்கிறது. கார்களுக்காக விற்கும் தட்டையான ஏந்துதட்டுகள் பலவற்றுக்கு அது கொள்ளாது. சிமெண்ட் கலக்க விற்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி சிறந்தது, ஏனென்றால் போல்ட் விடுபட்டதும் ஆயில் முதலில் தூரப் பாய்ந்து, அளவு குறையக் குறைய அருகே வந்து விழும். இதைவிட நல்ல தீர்வு, போல்ட்டுக்குப் பதிலாக ஒரு வால்வைப் பொருத்திவிடுவது. ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனத்தின் வால்வு இங்கே பலர் வண்டியில் இருக்கிறது. ஸ்பிரிங் விசையில் பூட்டிக்கொள்ளும் சிறிய கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால் திறக்கும். குழாய் மாட்டும் வகையை வாங்கினால் ஆயில் நேராகக் கேனுக்குள் இறங்கும். கையில் சூடு படுவதில்லை, போல்ட் தொட்டிக்குள் விழுந்து துழாவுவதும் இல்லை. துளை சிறியது என்பதால் வடிய அதிக நேரம் பிடிக்கும். எனக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை. கற்கள் நிறைந்த காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் மட்டும், வால்வு எவ்வளவு தூரம் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஃபில்டரையே வேறு இடத்துக்கு நகர்த்திவிடும் உபகரணத் தொகுப்புகளும் கிடைக்கின்றன. எஞ்சினிலிருந்து இரண்டு குழாய்கள் வழியாக ஆயிலைக் கொண்டுபோய், எளிதில் எட்டும் இடத்தில் ஃபில்டரைத் தொங்கவிடும் ஏற்பாடு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அழுத்தத்தில் ஓடும் ஆயிலுக்குப் புதிதாகப் பல இணைப்புகளையும் ரப்பர் குழாய்களையும் சேர்க்கிறோம். அவற்றில் ஒன்று விட்டுப்போனால் நெடுஞ்சாலையில் ஓட்டுநர் கவனிப்பதற்குள் எஞ்சின் வறண்டுவிடும். ஒரு பிளாஸ்டிக் மறைப்பை விலக்கும் சிரமத்துக்காக அந்த ஆபத்தை ஏற்பது தேவையற்றது.

தொழிற்சாலையிலேயே இதை நன்றாகச் செய்திருக்கலாம் என்பதற்கு ஃபோர்டு பிக்கப்பின் 6.0 லிட்டர் டீசல் எஞ்சின் சான்று. அதில் ஃபில்டர் எஞ்சினின் உச்சியில், ஒரு மூடிக்குள் இருக்கிறது. 36 மில்லிமீட்டர் சாக்கெட்டால் மூடியைத் திருகித் திறந்தால், உள்ளே இருக்கும் ஆயில் தானாகவே கீழே வடிந்துவிடும். தாள் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் சிந்தாமல் செய்ய வேண்டும், பிறகு துடைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துடைக்க முடியாத இடங்களில்தான் ஆயில் போய்ச் சேர்கிறது. சேஸிஸின் உள்மடிப்பிலும் ஆக்ஸிலின் மேலும் ரப்பர் புஷ்களின் இடுக்கிலும் தங்கி, மண்ணைக் கூட்டிப் படலமாக அப்பிக்கொள்கிறது. ஏதோ ஒரு நாள் எஞ்சினில் உண்மையான கசிவு தொடங்கும்போது, அது புதியதா, போன முறை சிந்தியதா என்று பிரித்தறிய முடியாது. அடிப்பாகம் உலர்ந்து சுத்தமாக இருக்கும் எஞ்சினில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தேடிப் போகலாம். பழைய டீசல் வண்டியை நீண்டகாலம் வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை மணி கிடையாது. எனக்கு இந்தச் சுத்தத்தின் மீது இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உடல்நலம். ஓடிய எஞ்சின் ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டாகும் நச்சு ஹைட்ரோகார்பன்கள் சேர்கின்றன. டீசல் எஞ்சினில் கரியும் ஏராளம். அது தோலில் அடிக்கடி, நீண்டநேரம் படுவது தோல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். ஆயில் கேன்களிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் மாமாவும் அவர் காலத்தவர்களும் முழங்கைவரை ஆயில் பூசிக்கொண்டு, டீசலால் கையைக் கழுவித்தான் வாழ்ந்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதை மாட்டிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மண்ணும் நீரும். ஒரே ஒரு காலன் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் கையாள்வது மூன்று காலன். புதிய ஆயிலை ஒரு காலன் கேன்களாக மூன்று வாங்கினால் கணக்கு அப்படியே 12 குவார்ட் வருகிறது. காலியான அதே கேன்களில் பழையதை ஊற்றி, உதிரிபாகக் கடையில் கொடுத்துவிடலாம். இங்கே பெரிய கடைகள் கட்டணமின்றி வாங்கிக்கொள்கின்றன. இந்தியாவில், 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கழற்றிய ஃபில்டரை உடனே குப்பையில் போடாமல், கவிழ்த்து வைத்து ஒரு இரவு முழுவதும் வடியவிட வேண்டும். அதற்குள் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

வால்வு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆயில் பாதி வடியும்போது ஒரு சிறிய குப்பியில் மாதிரி பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எங்கள் மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரிலேயே பிளாக்ஸ்டோன் என்ற ஆய்வகம் இருக்கிறது. இரும்பு, செம்பு, ஈயம் எவ்வளவு, எரிபொருளோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டோ கலந்திருக்கிறதா என்று எழுதி அனுப்புவார்கள். இந்த எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் எரிபொருள் ஊசிகள் தேய்ந்தால் அந்த டீசல், எஞ்சின் ஆயிலில் கலக்கும். அதை எஞ்சின் கெடுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் வழி இது.

எல்லாம் பொருத்தி முடித்தபின் எஞ்சினைக் கிளப்பி, அழுத்த முள் ஏறுகிறதா என்று பார்த்து, சக்கரத்தருகே திரும்ப வந்து ஃபில்டரின் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஈரமில்லை என்றால் நிறுத்தி, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து, அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். முன்கூட்டி நிரப்பாத ஃபில்டரானால் ஏறக்குறைய ஒரு லிட்டரை அது குடித்திருக்கும், அதற்கேற்ப அளவு குறைந்து தெரியும். மறைப்பை மாட்டுமுன் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. பொருத்துவதற்கு முன்பே ஃபில்டரின் உடலைச் சுற்றி அழியாத மையால் தேதியையும் ஓடிய மைல் கணக்கையும் பெரிதாக, இரண்டு மூன்று இடங்களில் எழுதிவைத்திருப்பேன். முக்கால் சுற்று இறுக்கியபின் எந்தப் பக்கம் வந்து நின்றாலும் ஏதாவது ஓர் எழுத்து சக்கரத்தின் பக்கம் தெரியும். தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடுகிறேன். உடைந்த கிளிப்புக்கு மாற்றாகச் சில கிளிப்புகளை எப்போதும் கையில் வைத்திருப்பது நல்லது; குளிர்காலத்தில் அந்தப் பிளாஸ்டிக் எளிதில் முறிகிறது.